திரையை எங்கே கட்டுவது?



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் மேடை இது. 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை அவர் தொடங்கினார். இதை நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த இதழ் தனியாகப் போகவில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதற்கு முன்பே சாக்கிய பௌத்த சங்கம் இருந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களிடையே, பெங்களூரில், கடல் கடந்து ரங்கூனில் அதற்குக் கிளைகள் இருந்தன. எழுத்து ஒரு பக்கம், கூடி அமரும் இடம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்ததால்தான் ஒரு பைசா இதழ் ஓர் இயக்கமாயிற்று.

ஆகவே பண்டிதரின் பெயரால் இன்று பேசுவதற்குக் கூடுதல் என்ற பொருளையே எடுத்துக்கொண்டோம். குறிப்பாக, ஊர்கூடிப் படம் பார்த்து, மண், நீர், விதை, வெள்ளம், வறட்சி பற்றிப் பேசும் கூடுகைகள். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் இவை பெருகியிருக்கின்றன. நெல் திருவிழா, விதைத் திருவிழா, ஏரிக்கரைக் கூட்டம், ஆவணப்படத் திரையிடல் என்று பல பெயர்கள். தற்சார்பு, நீடித்த வாழ்வு, மீண்டெழும் திறன் என்ற சொற்கள் அங்கே புழங்குகின்றன. நல்ல சொற்கள்தான். அவற்றை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றிடம் கேட்க வேண்டிய சில கேள்விகள் நம்மிடம் இருக்கின்றன.

உள்ளூர் என்றால் யாருடைய ஊர்?

உள்ளூரை மீட்போம் என்கிறார்கள். நமக்கு உடனே 1948 நவம்பர் 4 நினைவுக்கு வருகிறது. அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அலகாக வைக்காததைக் குறையாகச் சொன்னவர்களுக்குப் பதில் சொன்னார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிய இடம் என்பது அவர் பதிலின் சாரம். தனிமனிதரை அலகாக வைத்ததற்காக அவர் மகிழ்ந்தார்.

தற்சார்புக் கிராமம் என்று இன்று காட்டப்படும் படத்தில் ஏரி இருக்கிறது, களம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. ஏரியில் மடை திறந்தவர் யார்? தென்மாவட்டக் கண்மாய்களில் மடையைத் திறந்து மூடி, வயல் வயலாக நீர் பிரித்துக் கொடுத்த நீர்ப்பாய்ச்சிகள் பெரும்பாலும் நம் மக்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்த வாய்க்கால் எங்கே உடையும், எந்த மேகத்துக்கு எந்தக் கரையைப் பார்க்க வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. வயல் அவர்களிடம் இல்லை. அறிவு சேரியில், உரிமை ஊரில். இதுதான் பழைய தற்சார்பு. ஊர் தன்னைத்தானே நம்பி வாழ்ந்ததாகச் சொல்லும்போது, அது நம் கூலியையும் இலவச உழைப்பையும் நம்பி வாழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலத்துக்கும் இதே கதைதான். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை தந்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் நம் மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் காரணையில் மக்கள் எழுந்தார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களை இழந்தோம்.

இயற்கை வேளாண்மையையும் மரபு விதையையும் பற்றிப் படம் காட்டுகிறவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்: விதையைக் கொடுக்கிறீர்கள், எங்கே விதைப்பது? நிலம் என்ற சொல் வராத விதைத் திருவிழா நமக்குப் பாதித் திருவிழா.

தாங்கியவர்களைப் புகழ்வது

அடுத்த சொல், மீண்டெழும் திறன். பேரிடர் வந்தால் மக்கள் தாங்கி நிற்பது, திரும்ப எழுவது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாங்கும்படி வைக்கப்பட்டவர்களைப் பார்த்து, நன்றாகத் தாங்குகிறீர்கள் என்று பாராட்டுவது அவர்களை அங்கேயே வைத்திருப்பதற்கான வழியாகிவிடும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை எடுத்துக்கொள்வோம். நாகைக் கடற்கரையில் படகும் வலையும் இழந்தவர் இழப்பு கணக்கில் வந்தது. மீன் சுமந்தவர், உப்பளத்தில் நின்றவர், உவர் ஏறிப்போன வயலில் கூலி வேலை பார்த்தவர் ஆகியோரின் இழப்பு எளிதில் கணக்கில் வரவில்லை. தலித்துகளும் இருளர்களும் நிவாரணத்தில் விடுபட்டதையும், முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. கடல் சாதி பார்த்து வரவில்லை. நிவாரணப் பட்டியல் சாதி பார்த்து வந்தது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. நகரத்தின் சேற்றை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகள் அகற்றப்பட்டன. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அந்தக் குடும்பங்களில் பலவற்றைக் குடியேற்றிய பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, வெள்ளம் தேங்கும் இடத்துக்கே மக்களை அனுப்பினார்கள். பள்ளிக்கூடமும் வேலையும் பல கிலோமீட்டர் தள்ளிப் போயின.

சூழலியல் நமக்கு எதிரான சொல் இல்லை. ஆனால் சாதியைச் சொல்லாத சூழலியல் நம்மை வெளியேற்றும் கருவியாக எப்போது வேண்டுமானாலும் மாறும். அதனால்தான் இந்தக் கூடுகைகளில் நாம் பார்வையாளராக இருந்தால் போதாது.

ஜகீராபாத்தின் பெண்கள்

பார்வையாளராக இருக்க மறுத்தவர்களின் முன்மாதிரி ஒன்று பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தில், பழைய மேதக் மாவட்டத்தில், ஜகீராபாத் பகுதி. செம்மண், மானாவாரி, கல் பரந்த பூமி. 1983இல் தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பின் துணையோடு, அங்கே சுமார் 75 கிராமங்களில் சுமார் 5,000 பெண்கள் சங்கங்களாகத் திரண்டார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

அவர்கள் முதலில் கேமராவைத் தொடவில்லை. நிலத்தைத் தொட்டார்கள். யாரும் வேண்டாமென்று விட்ட தரிசை வரப்புக் கட்டிச் சோளமும் தினையும் துவரையும் விளைவித்தார்கள். ஒரே துண்டு நிலத்தில் பல பயிர்களைக் கலந்து விதைத்தார்கள், ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும் என்பதற்காக. ஊருக்கு ஊர் விதைக் களஞ்சியம் வைத்தார்கள். வாங்கியதைவிடக் கூடுதலாக விதையைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 1990களின் நடுவில், ரேஷன் அரிசியை மட்டும் எதிர்பார்த்து நிற்காமல், தங்கள் ஊரில் விளைந்த சோளத்தைத் தாங்களே சேமித்து ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கும் முறையையும் நடத்திக் காட்டினார்கள். எந்தக் குடும்பம் ஏழை என்று முடிவு செய்ததும் ஊர்க்கூட்டமே.

பிறகுதான் கூடுகை வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் சங்கராந்தியில் விதை ஜாத்திரை புறப்படும். அலங்கரித்த மாட்டுவண்டிகளில் பலவகை விதைகளைப் பானைகளிலும் கூடைகளிலும் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மாதம் ஊர் ஊராகப் போவார்கள். கோயில் தேர் போகும் தெருவில் விதைத் தேர் போகும். தேரை நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். வண்டி நிற்கும் இடத்தில் ஊர் கூடும், விதையைப் பார்க்கும், பேசும். இதன் பொருளைச் சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் ஊடகம். வானொலிக் கருவிகள் 1990களின் இறுதியிலேயே வந்துவிட்டன. உரிமம் வரவில்லை. வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று மாச்சனூரில் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது.

படமும் எடுத்தார்கள். 2002இல் மரபணு மாற்றப் பருத்திக்கு ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தபோது, வாரங்கல் உழவர்களின் வயல்களுக்கு இந்தப் பெண்கள் கேமராவோடு போனார்கள். ஒருநாள் போய்ப் பேட்டி எடுத்துத் திரும்பவில்லை. ஒரு பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் போய், விதைப்பு முதல் அறுவடைக் கணக்கு வரை பதிவு செய்தார்கள். அந்தப் படம் பல மொழிகளில், பல நாடுகளில் பார்க்கப்பட்டது. 2019இல் அந்த அமைப்புக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

இவற்றில் எங்களை மிகவும் பாதித்தது கேமராக் கோணங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்துக்குப் பட்டேல் ஷாட் என்று பெயர். நிலவுடைமையாளர் நம்மைப் பார்ப்பது அப்படித்தான். கீழிருந்து மேலே பார்ப்பது அடிமை ஷாட். பண்ணையாள் ஆண்டையைப் பார்ப்பது அப்படித்தான். கண்ணுக்குக் கண் நேராகப் பார்ப்பது சங்கம் ஷாட். சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக அமர்வதால் அந்தப் பெயர். திரைப்படக் கல்லூரிகளில் இந்தக் கோணங்களுக்கு வேறு பெயர்கள் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பெயர்களில் சாதி தெரியாது. இந்தப் பெயர்களில் தெரிகிறது. சமூகவியல் படித்த எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் பார்வைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை இத்தனை எளிதாகச் சொல்லித் தரவில்லை.

இது ஒரு தொண்டு நிறுவனத்தின் நிழலில் நடந்தது, அதை அப்படியே இங்கே நட முடியுமா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமைப்பை நாம் நகல் எடுக்க வேண்டியதில்லை, வரிசையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் நிலம், அடுத்து விதை, அடுத்து கூடுகை, அதற்கும் அடுத்ததாகவே கேமரா. நம் ஊர்களில் பல நேரம் கேமரா முதலில் வந்து நின்றுவிடுகிறது.

திரையும் சாதியும்

படம் பார்ப்பது பொதுவான செயல், அதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோஸியை நினைத்துப் பார்ப்போம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது திரையை நோக்கிக் கல் பறந்தது. அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு வந்து தன் கடந்தகாலத்தை மறைத்து வாழ்ந்தார். திரையில் யார் இருக்கலாம் என்பதிலிருந்தே சாதி தொடங்குகிறது.

யார் பார்க்கலாம் என்பதிலும் அது தொடர்கிறது. மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017இல் வந்தது. பல இடங்களில் அதைத் திரையிடக் காவல்துறை விடவில்லை. பிறகு அது இணையத்தில் ஏற்றப்பட்டு வீடு வீடாகப் போனது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கி, 14 ஆண்டுகள் எடுத்த 'ஜெய்பீம் காம்ரேட்' படத்தை ஆனந்த் பட்வர்தன் மும்பையின் தலித் குடியிருப்புகளுக்கே கொண்டுபோய்த் திரையிட்டார். யாரைப் பற்றிய படமோ அவர்கள் முற்றத்தில் அது ஓட வேண்டும் என்பது எளிய நீதி.

எங்கள் அனுபவம்

நாங்கள் சிலர் இரவல் புரொஜெக்டரும் வெள்ளை வேட்டியுமாக டெல்டா ஊர்களில் படம் காட்டத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஊரில், சூழல் ஆர்வம் கொண்ட நண்பர்கள் எங்களை அழைத்தார்கள். கோயில் முன்புள்ள திடலில் திரை கட்டலாம், அதுதான் பெரிய இடம் என்றார்கள். சேரி மக்கள் அங்கே வந்து உட்காருவார்களா என்று கேட்டோம். யாரையும் வரக் கூடாது என்று சொல்லவில்லையே என்றார்கள். எங்களோடு இருந்த சேரிப் பெரியம்மா, வா என்றும் யாரும் சொல்லவில்லையே என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. சேரியின் நுழைவில் இருந்த இரவுப்பள்ளிச் சுவரில் திரை கட்டினோம். ஊரார் வரட்டும் என்று முறையாக அழைப்பும் கொடுத்தோம்.

ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் வந்தார்கள். முதலில் ஓரமாக நின்றார்கள். பெண்கள் பாயை நகர்த்தி இடம் விட்டபோது சிலர் உட்கார்ந்தார்கள். தேநீரை இரண்டு பேர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். புரட்சி நடந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் படம் முடிந்ததும் நடந்த பேச்சில், ஏரி வரத்து வாய்க்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, அதனால் மழை நீர் ஏன் சேரிக்குள் வருகிறது என்று பெண்கள் விளக்கியதை ஊர் இளைஞர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. அடுத்த இரண்டு வாரம், அன்று முன்வரிசையில் பேசிய இரண்டு பெண்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சேரிக் குடும்பங்கள் தங்களுக்குள் பிரித்து அவர்களின் கூலியை ஈடுகட்டின. மீண்டெழும் திறன் என்பதற்கு நாங்கள் தெரிந்துகொண்ட பொருள் இதுதான். தனியாகத் தாங்குவதை அது குறிக்கவில்லை. ஒருவர் பேசியதற்கான தண்டனையைப் பத்து வீடு பங்கு போட்டுக்கொள்வதைக் குறிக்கிறது.

அதன் பிறகு அந்தச் சேரி மாணவர்கள் கைபேசியிலேயே ஒரு படம் எடுத்தார்கள். மழை நாளில் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்தெந்த வீட்டுக்குள் நுழைகிறது என்பது மட்டும்தான் படம். முதல் திரையிடலில் பாட்டிகள் படத்தை நிறுத்தச் சொன்னார்கள். வாய்க்கால் அங்கே இல்லை, சாலை போட்டபோது மூடப்பட்ட பழைய மதகு இன்னும் தள்ளி இருக்கிறது என்றார்கள். மாணவர்கள் மறுபடி போய் எடுத்தார்கள். இரண்டாவது படத்தோடு கிராம சபைக்குப் போனார்கள். தீர்மானம் பதிவாகியிருக்கிறது. மதகு இன்னும் திறக்கவில்லை. மனு நடந்துகொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது

இங்கே இருக்கும் மாணவர்களுக்கும் செயல்பாட்டாளர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

ஒன்று, திரையைச் சேரியில் கட்டுங்கள். பொது இடம் என்று சொல்லப்படும் இடம் உண்மையில் பொதுவா என்று முதலில் பாருங்கள். ஊரார் நம் முற்றத்துக்கு வந்து உட்கார்வதே பாதிக் கல்வி.

இரண்டு, நேரத்தைப் பெண்கள் முடிவு செய்யட்டும். நடவு, அறுவடை நாள்கள் வேண்டாம். உலை இறக்கிய பிறகு தொடங்குங்கள். அரைமணி நேரப் படம் போதும், பேச்சுக்கு ஒருமணி நேரம் விடுங்கள். முதல் சொல் பெண்களுடையதாக இருக்கட்டும். அழைத்து வந்த சிறப்பு விருந்தினர் கடைசியில் பேசினால் போதும்.

மூன்று, கூட்டம் ஒரு தாளோடு முடியட்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திரையிடலை அந்தத் தேதிகளுக்கு இரண்டு வாரம் முன்பு வையுங்கள். பேசியதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊரின் 'அ' பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, பஞ்சமி நிலம் எது, புறம்போக்கு எது, யார் கையில் இருக்கிறது என்று கூட்டத்தில் வாசியுங்கள். அந்த வாசிப்பைவிடப் பரபரப்பான படம் எதுவும் இல்லை.

நான்கு, மழைக்கு முன்பே நம் பட்டியலை நாமே தயார் செய்வோம். தாழ்வான வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், ஆவணம் இல்லாத குடும்பங்கள், கூலி போகும் குடும்பங்கள். அதிகாரியின் பட்டியலில் விடுபட்டால் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். 2004 நமக்குக் கற்றுத் தந்த பாடம் அது.

ஐந்து, கேமராவைக் கண் மட்டத்தில் வையுங்கள். நம் துயரத்தை மேலிருந்து எடுத்து அனுதாபம் தேட வேண்டாம். கீழிருந்து எடுத்து யாரையும் பெரியவராக்கவும் வேண்டாம்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. நீர்வளம் பற்றிய எந்தப் படமும், எந்தக் கருத்தரங்கமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் இறங்கி அண்ணல் நீரை அள்ளினார். அவரோடு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். நம் வரலாற்றில் அந்தக் கூடுகையே ஒரு சூழல் இயக்கம்தான். நீர் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்காமல் நீரைக் காப்பாற்ற முடியாது என்பதை அது அன்றே சொல்லிவிட்டது.

பண்டிதர் ஒரு பைசாவில் இதழ் போட்டார். நம்மிடம் ஒரு வேட்டியும் ஒரு சுவரும் ஒரு கைபேசியும் இருக்கின்றன. வரும் கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இங்கிருந்து போகும்போது உங்கள் ஊரின் பெயரை வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். புரொஜெக்டரை நாங்கள் கொண்டுவருகிறோம். திரையை எங்கே கட்டுவது என்பதை உங்கள் சேரிப் பெண்கள் சொல்லட்டும்.

ஜெய்பீம்.